முதலில் காதில் வாங்குங்கள்: அரெட்ஸோ பழம்பொருள் சந்தைக்கான இத்தாலியம்

இத்தாலிக்குச் சுற்றுலா வருகிறவர்கள் எல்லாருமே ஒரு வாக்கியத்தை மனப்பாடம் செய்துகொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள்: 'க்வாந்தோ கோஸ்தா?' என்ன விலை. காய்கறிக் கடைக்கும் செருப்புக் கடைக்கும் அது தாராளமாகப் போதும். பழம்பொருள் விற்கிற இடத்தில் மட்டும் அதை முதலில் கேட்காதீர்கள் என்று, ஆலோசனை கேட்டு வருகிற எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். விலையைக் கேட்டால் விலை மட்டும்தான் வரும். எதிரில் இருப்பது எந்தக் காலத்துச் சாமான், அதில் எவ்வளவு பழசு, எவ்வளவு நேற்று ஒட்டியது என்பதெல்லாம் வராது. இத்தாலிய வியாபாரிகள் பெரும்பாலும் பொய் சொல்வதில்லை. சொல்கிற வார்த்தையை மிகக் கவனமாகப் பொறுக்கி எடுத்துச் சொல்கிறார்கள். அதைக் காதில் வாங்கத் தெரிந்தால் போதும், பாதி ஏமாற்றம் தவிர்ந்துவிடும்.

நான் அடிக்கடி போவது அரெட்ஸோ சந்தைக்கு. டஸ்கனியில் இருக்கிற ஊர். மாதத்தின் முதல் ஞாயிறும் அதற்கு முந்தைய சனியும் ஊரின் மேட்டுப் பகுதி முழுக்கக் கடை பரப்புவார்கள். 1968-ல் இவான் புரூஸ்கி என்ற பழம்பொருள் சேகரிப்பாளர் தொடங்கிவைத்தது. அவர் 1996-ல் இறந்தார். அவர் வாழ்ந்த வீடு பியேவே தேவாலயத்துக்கு எதிரிலேயே அருங்காட்சியகமாக இருக்கிறது. சந்தைக்குள் நுழையும் முன் அங்கே ஒரு மணி நேரம் செலவழித்தால் கண் கொஞ்சம் பழகிக்கொள்ளும். சந்தையின் மையம் பியாட்ஸா கிராந்தே. பெயர்தான் சதுக்கம், தரை நன்றாகச் சரிந்து இறங்கும். மேசைக் கால்களுக்கு அடியில் மரத்துண்டு வைத்து முட்டுக் கொடுத்துத்தான் பீங்கான் தட்டுகளை அடுக்கியிருப்பார்கள். மேல்பக்கம் நீளமாக ஓடுகிற வளைவு மண்டபம் இதே ஊரில் 1511-ல் பிறந்த ஓவியரும் கட்டடக் கலைஞருமான வசாரி வடிவமைத்தது. ஒரு எச்சரிக்கை: செப்டம்பர் முதல் ஞாயிறு அந்தச் சதுக்கத்தில் குதிரைவீரர்களின் ஈட்டிப் போட்டி நடக்கும், அந்த மாதம் சந்தை வேறு பகுதிக்கு நகர்ந்துவிடும்.

சரி, வார்த்தைகளுக்கு வருவோம். அதற்கு முன்னால் உச்சரிப்பு பற்றி ஒரு நல்ல செய்தி. இத்தாலிய 'த' நம்முடைய 'தந்தை'யில் வருகிற அதே த. ஆங்கிலம் வழியாகப் போகிறவர்கள் 'குவான்டோ' என்று நாக்கை மடித்துத் தடுமாறும்போது நமக்கு அது தானாக வரும். ஒற்றெழுத்து இரட்டிப்பதும் அப்படித்தான். 'நோனோ' என்றால் ஒன்பதாவது, 'நொன்னோ' என்றால் தாத்தா. கனத்துக்கும் கன்னத்துக்கும் வித்தியாசம் தெரிந்த காதுக்கு இது ஒரு விஷயமே இல்லை. தமிழில் எழுதும்போது தனி 'க', 'த' மெலிந்து ஒலிக்கும் என்பதால் கீழே சில இடங்களில் நானே வலித்து எழுதியிருக்கிறேன். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையை நெருங்கியதும் 'புவோன்ஜோர்னோ'. மதியம் சாய்ந்துவிட்டால் 'புவோனசேரா'. வணக்கம் சொல்லாமல் பொருளைத் தூக்கிப் பார்ப்பதை இங்கே வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைந்ததைப் போலப் பார்ப்பார்கள். வியாபாரி 'மி தீக்கா' என்பார், சொல்லுங்கள் என்று. அவசரப்பட்டு எதுவும் சொல்ல வேண்டியதில்லை. 'தோ ஸோலோ உனோக்கியாத்தா' என்றால் சும்மா பார்க்கிறேன். எதையாவது எடுக்கும் முன் ஒரே வார்த்தை, 'பொஸ்ஸோ?', அதாவது எடுக்கலாமா. இந்த ஒரு வார்த்தைக்கு இருக்கிற மரியாதை வேறு எதற்கும் இல்லை. எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் என்று அவர் நினைத்துக்கொள்வார், பேச்சின் தோரணையே மாறிவிடும்.

அடுத்து என் செல்லக் கேள்வி: 'ஆ கோஸா ஸெர்வீவா?' இது எதற்குப் பயன்பட்டது? எந்தச் சொற்றொடர்ப் புத்தகத்திலும் இதைப் பார்த்ததில்லை. ஆனால் சந்தையில் இதைவிட லாபமான கேள்வி கிடையாது. பழைய சாமான் விற்கிறவர்களில் பாதிப் பேர் பேச ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருப்பவர்கள். கேட்டதுமே நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார்கள்.

காரைக்குடியிலிருந்து சித்தி வந்திருந்தபோது அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு கடையில் வளைந்த மரச்சட்டங்களால் ஆன ஒரு கூண்டு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது, பனிச்சறுக்கு வண்டியின் எலும்புக்கூடு மாதிரி, சுமார் ஒரு ஆள் நீளம். நடுவில் தகரம் அடித்த சின்னப் பலகை. நான் கேட்டதும் வியாபாரி, வயதானவர், 'இது ப்ரேத்தே' என்றார். ப்ரேத்தே என்றால் பாதிரியார். பிறகு கையாலேயே நடித்துக் காட்டினார். குளிர்காலத்தில் இதைப் படுக்கை விரிப்புக்கும் போர்வைக்கும் நடுவே வைப்பார்களாம். உள்ளே அந்தத் தகரத்தின் மேல் தணல் நிரப்பிய மண்சட்டி, அதற்கு ஸ்கல்தீனோ என்று பெயர். சட்டங்கள் போர்வையைத் தூக்கிப் பிடிப்பதால் துணி தணலைத் தொடாது, படுக்கை சூடாகிவிடும். "எங்கள் பாட்டி தினமும் ராத்திரி பாதிரியாரைப் படுக்கையில் வைத்துவிட்டுத்தான் ஜெபம் சொல்லப் போவாள்" என்று முடித்தார். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள், ஆனாலும் சிரித்தார்கள்.

"என்னடி சொல்றான், எல்லாரும் இப்படிச் சிரிக்கிறாங்க?" என்றார் சித்தி.

"சொன்னா நீங்க கோயிலுக்குப் போய்ட்டு வரணும்பீங்க சித்தி, அப்புறம் சொல்றேன்."

அந்தக் கூண்டை வாங்கவில்லை. ஆனால் அந்தக் கடைக்காரர் அதற்குப் பிறகு நாங்கள் கேட்ட ஒவ்வொன்றுக்கும் உள்ளதை உள்ளபடி சொன்னார், கேட்காததற்கும் சேர்த்து.

இப்போது காலம். 'தி கே எப்பொக்கா ஏ?' எந்தக் காலத்தது? பதிலில்தான் கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டும். 'தெப்பொக்கா' என்றால் அந்தந்தக் காலத்திலேயே செய்யப்பட்டது. 'இன் ஸ்தீலே' என்றால் அந்தப் பாணியில் செய்தது, போன வருடம் செய்ததாகக்கூட இருக்கலாம். பதினாறாம் லூயி பாணி நாற்காலி என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால் அவர் எந்தப் பொய்யும் சொல்லவில்லை, 'ஸ்தீலே'யை நீங்கள் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். அதேபோல் 'வெக்கியோ' என்பது வெறும் பழசு, 'ஆன்தீக்கோ' என்பதுதான் தொன்மையானது. நேர்மையான ஆள் தன் சரக்கை 'வெக்கியோ' என்றுதான் சொல்வார். 'ஆன்தீக்கோ, ஆன்தீக்கோ' என்று இரண்டு முறை சொல்கிறவரிடம் எனக்கு அவ்வளவு நம்பிக்கை வருவதில்லை.

நூற்றாண்டுகளை இத்தாலியர்கள் எண்ணுகிற விதம் வேறு. 1700-களை 'ஸெத்தெச்செந்தோ' என்பார்கள், சொல்லுக்குச் சொல் பார்த்தால் எழுநூறு. 1800-கள் 'ஒத்தொச்செந்தோ', எண்ணூறு. 1900-கள் 'நொவெச்செந்தோ'. நாம் பத்தொன்பதாம் நூற்றாண்டு என்பதை அவர்கள் எண்ணூறு என்கிறார்கள் என்பதை ஒருமுறை மண்டையில் ஏற்றிக்கொண்டால் குழப்பம் இல்லை. கூடவே 'ப்ரீமி' வந்தால் தொடக்கம், 'ஃபீனே' வந்தால் இறுதி. 'ஃபீனே ஒத்தொச்செந்தோ' என்றால் 1880, 1890 வாக்கில்.

ஆனால் வெள்ளிச் சாமான் மேசையில் இந்த எண்ணூறு ஒரு கண்ணி. இத்தாலியில் வெள்ளிப் பாத்திரங்களின் வழக்கமான தரம் 800, அதாவது ஆயிரத்தில் எண்ணூறு பங்கு தூய வெள்ளி. அதை 'ஆர்ஜென்தோ ஒத்தொச்செந்தோ' என்பார்கள். 1800-களின் வெள்ளி என்றால் 'ஆர்ஜென்தோ தெல்லொத்தொச்செந்தோ'. நடுவில் ஒரு 'தெல்' மட்டும்தான் வித்தியாசம், சந்தை இரைச்சலில் அது காதிலேயே விழாது. சந்தேகம் வந்தால் 'மி ஃபா வெதேரே இல் புன்ட்ஸோனே?' என்று கேளுங்கள், முத்திரையைக் காட்டுகிறீர்களா என்று. ஒரு கரண்டியின் காம்பைத் திருப்பிப் பார்த்தால் நகக்கண் அளவுக்கு இரண்டு குழிகள் இருக்கும். ஒன்றில் 800. இன்னொன்றில் ஒரு சின்ன நட்சத்திரம், ஒரு எண், இரண்டு எழுத்து. அந்த எழுத்து மாகாணம்: மிலானோவுக்கு எம்-ஐ, ஃபிரென்ட்ஸேக்கு (ஃபுளோரன்ஸ்) எஃப்-ஐ, அரெட்ஸோவுக்கு ஏ-ஆர். எண் பட்டறையின் பதிவெண். நட்சத்திரத்தோடு கூடிய இந்த வடிவம் 1968 சட்டத்தால் வந்தது. ஆகவே நட்சத்திரம் தெரிந்தால் அந்தக் கரண்டிக்கும் 1800-களுக்கும் சம்பந்தமே இல்லை. எண்ணும் மாகாண எழுத்தும் சாய்சதுரக் கட்டத்துக்குள் கழிக்கட்டில் செருகிய கோடரிச் சின்னத்தோடு இருந்தால் அது முசோலினி காலம், 1930-களின் நடுவிலிருந்து 1944 வரை. இந்த ஊரின் பெரிய நகை நிறுவனமான ஊனோஆஎர்ரேயின் பெயரே அதன் முத்திரைதான்: ஒன்று, ஏ-ஆர். ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடி பையில் இருக்கட்டும். அதை எடுத்ததுமே சில வியாபாரிகளின் குரல் தணிந்துவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

மரச்சாமானுக்கு வேறு கேள்விகள். சித்திக்கு இந்தப் பகுதியில் மொழியே தேவைப்படவில்லை. செட்டிநாட்டுத் தூணும் நிலையும் பெட்டகமும் கைமாறுகிற தெருவில் வளர்ந்தவர், இழுப்பறையை வெளியே இழுத்து அடிப்பலகையை முகர்ந்து பார்ப்பார். நமக்கு அந்தப் பழக்கம் இல்லாததால் வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. 'ஏ மஸ்ஸெல்லோ ஓ இம்பியல்லச்சாத்தோ?' என்றால் முழு மரமா, மேலே மெல்லிய தகடு ஒட்டியதா. ஒட்டியது என்றால் மட்டம் என்று நினைக்க வேண்டாம், 1700-களின் உயர்ந்த வேலைப்பாடுகளே அக்ரூட் மரத் தகடு ஒட்டியவைதான். அக்ரூட் மரத்துக்கு 'நோச்சே', அதைத்தான் அதிகம் கேட்பீர்கள். 'ஆ இ தார்லி?' பூச்சி அரித்திருக்கிறதா? 'தார்லி' என்பது மரத்தைத் துளைக்கும் வண்டுகளின் புழு. துளை இருப்பது தப்பில்லை, பழைய மரத்தில் துளை இல்லாவிட்டால்தான் யோசிக்க வேண்டும். துளைக்குக் கீழே மாவு மாதிரி வெளுத்த தூள் புதிதாகக் கொட்டிக் கிடந்தால் உள்ளே இன்னும் ஆள் குடியிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று, பலகையின் மேற்பரப்பில் துளைகளுக்குப் பதிலாக நீளவாக்கில் வாய்க்கால் போல ஓடினால், பழைய மரத்தைப் பின்னால் யாரோ அறுத்து இழைத்திருக்கிறார்கள். புழு மேற்பரப்பில் வாய்க்கால் வெட்டாது, உள்ளேதான் சுரங்கம் போகும்.

'கோஸா ஏ ஸ்தாத்தோ ரிஃபாத்தோ?' என்ற கேள்வி கொஞ்சம் கடுமையானது: எதையெல்லாம் புதிதாகச் செய்து சேர்த்தீர்கள்? புன்னகையோடு கேட்க வேண்டும். பழுது பார்த்திருக்கிறதா என்று கேட்டால் 'கொஞ்சம்' என்று முடித்துவிடுவார். எதை என்று கேட்டால் பட்டியல் வரும்: பின்பலகை, ஒரு கால், பிடிகள். நல்ல வியாபாரி மறைக்கமாட்டார். மறைத்தால் பின்னால் பேர் கெடும் என்பது அவருக்குத் தெரியும், இந்தத் தொழிலில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

இப்போதுதான் விலை. 'க்வாந்தோ வியெனே?' என்று கேட்டால் கொஞ்சம் உள்ளூர்க்காரர் மாதிரி இருக்கும். தொகை சொன்னதும் 'ஏ த்ராத்தாபிலே?' பேசிக் குறைக்கலாமா? இதைவிட எனக்குப் பிடித்தது 'மி வியெனே இன்கோந்த்ரோ?' கொஞ்சம் பார்த்துப் போட்டுக் கொடுங்களேன் என்று நாம் சொல்வோமே, அந்தத் தொனி அப்படியே. தள்ளுபடி என்ற வார்த்தையே வராமல் தள்ளுபடி கேட்கிற நாசூக்கு. பதிலுக்கு அவர் 'சி ரிமெத்தோ' என்பார், எனக்கு நட்டம். அல்லது 'நோன் சி ஸ்தோ தென்த்ரோ'. இது வந்தபோது நான் மொழிபெயர்க்க வாயெடுப்பதற்குள் சித்தி, "கட்டுப்படியாகாதுங்கிறானா?" என்றார். அதேதான். ஒரு வெண்கல உரலுக்கு நடந்த பேரம் அது, உலக்கையும் சேர்த்து, ஒரு கையால் தூக்க முடியாத கனம். சித்தி விரலால் ஒரு சுண்டு சுண்டி ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்ததிலேயே வியாபாரி பாதி இறங்கிவிட்டார்.

எண்களில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. அறுபது 'ஸெஸ்ஸாந்தா', எழுபது 'ஸெத்தாந்தா'. வேகமாகச் சொன்னால் பழகியவர்களுக்கே தடுமாறும். 'மெ லோ ஸ்க்ரீவே?' எழுதிக் காட்டுங்கள் என்றால் துண்டுத் தாளிலோ கைப்பேசியிலோ எழுதிக் காட்டுவார்கள். உங்கள் விலையைச் சொல்ல 'ஃபச்சாமோ' என்று ஆரம்பியுங்கள்: 'ஃபச்சாமோ ஸெஸ்ஸாந்தா?' அறுபதுக்கு முடித்துக்கொள்வோமா? ரொக்கம் என்றால் 'கோந்தாந்தி', அந்தச் சொல்லை எடுக்கும் நேரம் முக்கியம், கடைசியில் எடுங்கள். முடிவு செய்யாவிட்டால் 'சி பென்ஸோ', யோசிக்கிறேன். அல்லது 'ஃபாச்சோ உன் ஜீரோ', ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன். இதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போய்விட்டு வருவதற்குள் வேறு யாரும் வாங்கிவிடக் கூடாது என்றால் 'மெ லோ தியெனே தா பார்த்தே?' எனக்காக எடுத்து வைப்பீர்களா? மதிப்பான பொருளுக்கு வியாபாரி 'கப்பார்ரா' கேட்கலாம், நம்ம ஊர் அச்சாரம்தான். ஞாயிறு பின்னேரம் வேனில் மறுபடி ஏற்ற வேண்டுமே என்ற அலுப்பு வியாபாரிகளுக்கு வரும், கனமான சாமானுக்கு அதுதான் நல்ல நேரம். சின்னச் சாமானுக்கு நேர்மாறு. நல்லதெல்லாம் சனி காலையிலேயே, வியாபாரிகளுக்குள்ளேயே கைமாறிவிடும்.

காகித விவகாரம் சலிப்பானதுதான், ஆனால் நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகிறவர்களுக்குத் தவிர்க்க முடியாதது. 'தா தோவே வியெனே?' எங்கிருந்து வந்தது என்று எதற்கும் கேளுங்கள். தொழில்முறையாகக் கலைப்பொருளும் தொல்பொருளும் விற்கிறவர், பொருளின் உண்மைத்தன்மை பற்றியும் அது வந்த வழி பற்றியும் வாங்குபவருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று 2004-ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டம் 64-ஆவது பிரிவில் சொல்கிறது. எனவே 'மி ஃபா லா ரிச்செவூத்தா?' என்று ரசீது கேட்பதில் கூச்சமே வேண்டாம். அதில் காலம், மரம் அல்லது உலோகம், 'இன் ஸ்தீலே'யா 'தெப்பொக்கா'வா எல்லாம் எழுதச் சொல்லுங்கள். வாயால் 'தெப்பொக்கா' என்றவரின் பேனா 'ஸ்தீலே' என்று எழுதினால், எந்தச் சொல்லுக்குப் பணம் கொடுக்கிறோம் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

70 ஆண்டுக்கு மேற்பட்ட, செய்தவர் உயிரோடு இல்லாத, பண்பாட்டு மதிப்புள்ள பொருளை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அலுவலகத்தின் அனுமதி வேண்டும் என்பது பொது விதி. 2017 வரை அது 50 ஆண்டாக இருந்தது. அப்போது செய்த திருத்தம், மதிப்பு 13,500 யூரோவைத் தாண்டாத பெரும்பாலான பொருள்களுக்கு எழுத்துமூல உறுதிமொழி போதும் என்று தளர்த்தியது. மண்ணுக்கடியிலிருந்து வந்தவற்றுக்கு இந்தச் சலுகை கிடையாது. இங்கே நிலத்தடியில் கிடைக்கும் தொல்பொருள் அரசுடையது என்பது 1909 சட்டத்திலிருந்தே இருக்கிற நிலை. கல்லறை தோண்டிகளுக்குத் 'தொம்பரோலி' என்றே ஒரு பெயர் உண்டு, அவர்களைத் துரத்த 1969-லிருந்து காரபினியேரி காவல்படையில் தனிப் பிரிவும் உண்டு. யாராவது மேசைக்கு அடியிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய, ரோமானியருக்கு முன் இந்தப் பகுதியில் வாழ்ந்த எத்ருஸ்கர்களின் மண்கலயத்தை எடுத்துக் காட்டினால் 'நோ, க்ராட்ஸியே' என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள். அசல் என்றால் குற்றம், போலி என்றால் காசு தண்டம்.

தகரத்திலும் வெள்ளியிலும் செய்த இதயம், கண், கால் எல்லாம் தட்டில் குவித்து விற்பார்கள். நோய் தீர்ந்தவர்கள் தேவாலயத்தில் சாத்திய நேர்த்திக் காணிக்கை அவை, சமயபுரத்தில் நாம் சாத்துகிற கண்மலர் போலவே. சிலவற்றில் பி-ஜி-ஆர் என்று மூன்றெழுத்து இருக்கும், பெற்ற அருளுக்காக என்று பொருள். எந்தச் சுவரிலிருந்து கழற்றியது என்று தெரியாத வரை நான் வாங்குவதில்லை. சித்தி தொடக்கூட மறுத்துவிட்டார்.

கடைசியாக 'மெ லோ இன்கார்த்தா பேனே?', நன்றாகச் சுற்றித் தருகிறீர்களா? செய்தித்தாளில் ஒரு சுற்று சுற்றிக் கொடுப்பார்கள். குமிழ் நெகிழித்தாள் வேண்டுமென்றால் 'ப்ளூரிபால்' என்று கேளுங்கள்.

அரெட்ஸோவின் முதல் ஞாயிறு உங்கள் பயணத்தில் விழாவிட்டால் வேறு இடங்கள் இருக்கின்றன. மிலானோவில் நவீல்யோ கிராந்தே கால்வாயோரம் மாதத்தின் கடைசி ஞாயிறு. தோரினோவில் (டூரின்) பாலோன் எல்லாச் சனிக்கிழமையும், இரண்டாம் ஞாயிறு அதன் பெரிய வடிவம். அங்கெல்லாம் 'மொதெர்னரியாத்தோ' என்ற சொல் காதில் விழும், இருபதாம் நூற்றாண்டு வடிவமைப்புச் சாமான்கள்: 1950-ல் வந்த ஒலிவெத்தி லெத்தெரா 22 தட்டச்சுப்பொறி, அதே நிறுவனத்தின் 1969-ன் சிவப்பு வாலண்டைன். பார்மாவில் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கிற கண்காட்சி மிகப் பெரியது, கால் வலிக்கும். ரோமில் ஞாயிறு காலை போர்த்தா போர்த்தேஸே. அங்கே நான் மேலே சொன்ன மரியாதை எல்லாம் அவ்வளவாகச் செல்லாது, வியாபாரி எடுத்த எடுப்பிலேயே உங்களை 'நீ' என்பார், நீங்களும் தைரியமாகப் பாதி விலைக்குக் கேட்கலாம். பணப்பையை மட்டும் முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள்.